பிசினஸ் புக்ஸ் படிச்சா தலைமைப் பண்பு வருமா? அடிக்கடி கேக்கிற கேள்விகளும் என் பதில்களும்

டீம் லீட் ஆனதுல இருந்து மேனேஜ்மென்ட் புத்தகங்களை விடாம படிச்சிட்டு வர்றேன். படிச்சதை வேலைல போட்டுப் பாத்திருக்கேன், சிலது நின்னுச்சு, சிலது ரெண்டே வாரத்துல காணாம போச்சு. புதுசா லீட் ஆனவங்க, ஆகப் போறவங்க என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்கிறதை எல்லாம் ஒரே எடத்துல எழுதி வைக்கலாம்னு தான் இது.

புக் படிச்சா ஒருத்தர் நல்ல லீடர் ஆயிட முடியுமா?

படிச்சா மட்டும் முடியாது. ஆனா படிக்காம இருந்தா நீங்க பண்ற தப்பு தப்புன்னே தெரியாம வருஷக்கணக்கா பண்ணிட்டு இருப்பீங்க, என் விஷயத்துல அது தான் நடந்துச்சு.

நான் லீட் ஆகி கொஞ்ச நாள்ல ஒரு பெரிய ரிலீஸ் இருந்துச்சு. பழைய சிஸ்டத்துல இருந்த டேட்டாவை எல்லாம் ஒரே ராத்திரில புதுசுக்கு மாத்தணும். முந்தின நாள் மீட்டிங்ல நான் கேட்டேன், "எல்லாம் ஓகே தானே?" எல்லாரும் ஓகேன்னாங்க. அன்னைக்கு ராத்திரி பாதில நின்னு போச்சு, விடிய விடிய உக்காந்து பழைய நிலைமைக்கே திருப்பிக் கொண்டு வந்தோம். அப்புறம் தான் தெரிஞ்சுது, டீம்ல இருந்த சின்னப் பையன் ஒருத்தனுக்கு நாலு நாள் முன்னாடியே இது நேரத்துக்குள்ள முடியாதுன்னு தெரிஞ்சிருக்கு, அவனே தனியா டெஸ்ட் பண்ணிப் பாத்திருக்கான். ஏன்டா சொல்லலன்னு கேட்டா, "அண்ணா, நீங்க ஓகே தானேன்னு கேட்டீங்க, எல்லாரும் ஓகேன்னாங்க, நான் மட்டும் எப்படி இல்லைன்னு சொல்றது"ன்னான். எனக்கு அவன் மேல கோவமே வரல, நான் கேட்ட கேள்வியிலயே பதிலும் இருந்துச்சுன்னு அப்ப தான் உறைச்சுது.

அதுக்கப்புறம் எந்த புக்கை எடுத்தாலும் நான் தேடறது ஒண்ணே ஒண்ணு தான். கெட்ட செய்தி சீக்கிரமா நம்மகிட்ட வந்து சேர என்ன பண்ணணும்? தலைமைங்கிற பேர்ல எழுதப்பட்டதுல உருப்படியான பகுதி பெரும்பாலும் இந்தக் கேள்வியைச் சுத்தி தான் இருக்குங்கிறது என் கருத்து.

எல்லா புக்கும் ஒரே விஷயத்தைத் தானே வேற வேற வார்த்தைல சொல்லுது?

நிறைய புக் அப்படித்தான். முப்பது பக்கத்துல முடிய வேண்டியதை முன்னூறு பக்கம் இழுத்திருப்பாங்க. ஆனா நல்ல புக்குகள் ஒண்ணுக்கொண்ணு சண்டையும் போடும், அதைக் கவனிக்கணும். 1911ல ஃப்ரெடரிக் டெய்லர் எழுதினப்போ வேலையை எப்படி செய்யணும்னு யோசிக்கிறது நிர்வாகத்தோட வேலை, தொழிலாளி சொன்னபடி செஞ்சா போதும்ங்கிற மாதிரி தான் இருந்துச்சு. 1960ல டக்ளஸ் மக்ரெகர் வந்து, மனுஷங்க இயல்பாவே சோம்பேறி, வெரட்டினா தான் வேலை செய்வாங்கன்னு நம்பி நடத்தறதுக்கு தியரி எக்ஸ்னும், பொறுப்பு குடுத்தா எடுத்துப்பாங்கன்னு நம்பி நடத்தறதுக்கு தியரி ஒய்னும் பேர் வச்சார். நீங்க எதை நம்பறீங்களோ அதுக்கு ஏத்த மாதிரியே உங்க ஆளுங்களும் நடந்துக்க ஆரம்பிப்பாங்கங்கிறது தான் அதுல எனக்குப் பிடிச்ச இடம். சந்தேகப்பட்டு சந்தேகப்பட்டு செக் பண்ற மேனேஜர்கிட்ட யாரும் சொந்தமா யோசிக்க மாட்டாங்க, அதைப் பாத்து அவர் "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்"னு சொல்லுவார்.

ஜெயிச்ச கம்பெனிகளை ஆராய்ச்சி பண்ணி எழுதின புக்கை எல்லாம் நம்பலாமா?

ஜாக்கிரதையா படிங்க. 1982ல டாம் பீட்டர்ஸும் ராபர்ட் வாட்டர்மேனும் 43 சிறந்த கம்பெனிகளை வச்சு ஒரு புக் எழுதினாங்க, 'இன் சர்ச் ஆஃப் எக்ஸலன்ஸ்', உலகம் பூரா வித்துச்சு. ரெண்டே வருஷத்துல, 1984ல, அந்த லிஸ்ட்ல இருந்த பல கம்பெனிகள் தடுமாறுதுன்னு ஒரு பெரிய பிசினஸ் பத்திரிகை அட்டைப்படக் கட்டுரையே போட்டுச்சு. ஜிம் காலின்ஸ் 2001ல எழுதின 'குட் டு கிரேட்'ல 1,435 கம்பெனிகளை அலசி 11ஐ எடுத்தார், அந்த 11ல இருந்த சர்க்யூட் சிட்டி 2008ல திவால் ஆச்சு, ஃபேனி மே அதே வருஷம் அரசாங்கத்தோட கட்டுப்பாட்டுக்குப் போச்சு.

இதுக்குக் காரணத்தை ஃபில் ரோசன்ஸ்வைக் 2007ல 'தி ஹேலோ எஃபெக்ட்'ங்கிற புக்ல நல்லா பிரிச்சு வச்சிருக்கார். கம்பெனி லாபத்துல இருக்கும்போது போய் கேட்டா தலைவர் தொலைநோக்கு உள்ளவர், டீம் ஒத்துமையா இருக்கும்பாங்க, அதே கம்பெனி சரிஞ்சதும் அதே தலைவர் அகங்காரம் பிடிச்சவர், யார் பேச்சும் கேக்காதவர்னு ஆயிடும். ஆள் மாறல, ரிசல்ட் தான் மாறிச்சு. அப்போ ஜெயிச்சவங்களைப் பேட்டி எடுத்து "இதனால தான் ஜெயிச்சாங்க"ன்னு எழுதறது எவ்வளவு தூரம் நிக்கும்னு நீங்களே யோசிங்க.

அதுக்காக காலின்ஸை தூக்கிப் போட்டுடாதீங்க. அவர் சொன்ன ஜன்னல், கண்ணாடி உதாரணம் எனக்கு ரொம்ப உதவியிருக்கு. வேலை நல்லா போனா நல்ல தலைவர் ஜன்னல் வழியா வெளிய பாத்து யார் யார் உழைச்சாங்கன்னு கை காட்டுவார், கெட்டுப் போனா கண்ணாடில தன் மூஞ்சியைப் பாப்பார். நம்ம பாத்த மேனேஜர்கள்ல பாதிப் பேர் இதைத் தலைகீழா பண்றவங்க. இது உண்மைன்னு ஒத்துக்க எனக்கு 11 கம்பெனியோட பங்கு விலை தேவைப்படல, நாளைக்கு மீட்டிங்ல பண்ணிப் பாக்கலாம். ஒரு கருத்தை எடுத்துக்கலாமா வேணாமான்னு நான் இப்படித் தான் முடிவு பண்றேன், கம்பெனி கதை எவ்வளவு பெருசுன்னு பாக்கறதில்ல.

லீடர்னா முடிவெல்லாம் அவர் தானே எடுக்கணும்? எல்லாரையும் கேட்டுட்டு இருந்தா வேலை நடக்குமா?

இதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல பதில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல்ல இருந்து வருது. டேவிட் மார்க்கேன்னு அமெரிக்க கடற்படை கேப்டன். ஒரு கப்பலுக்காக ஒரு வருஷம் படிச்சுத் தயாரானார், கடைசி நேரத்துல 1999ல வேற கப்பலுக்கு மாத்திட்டாங்க, சான்டா ஃபே. அந்தக் கப்பலோட நுணுக்கம் அவருக்கு முழுசா தெரியாது. ஒரு பயிற்சியின்போது ஒரு மோட்டாரோட வேகத்தை மூணுல ரெண்டு பங்குக்கு ஏத்தச் சொன்னார். அந்த மோட்டாருக்கு இந்தக் கப்பல்ல அப்படி ஒரு வேகமே கிடையாது. அது தெரிஞ்ச அதிகாரியும் மறுபேச்சு இல்லாம அதே உத்தரவை அப்படியே அடுத்த ஆளுக்குச் சொன்னார், இயக்கற ஆள் தான் முழிச்சுட்டு நின்னார். தெரிஞ்சும் ஏன் சொன்னேன்னு கேட்டப்போ அந்த அதிகாரி சொன்ன பதில், நீங்க சொல்லச் சொன்னீங்க, சொன்னேன்.

படிச்சதும் எனக்கு அந்த ரிலீஸ் அப்போ வாயைத் தொறக்காத நம்ம டீம் பையன் ஞாபகம் தான் வந்துச்சு. நல்ல ஆளுங்க, விவரம் தெரிஞ்சவங்க, ஆனா கீழ்ப்படியறதுக்கே பழகிட்டாங்க.

மார்க்கே அதுக்கப்புறம் உத்தரவு போடறதையே முடிஞ்ச வரைக்கும் நிறுத்திட்டார். அதிகாரிங்க "இதைப் பண்ணலாமா சார்"னு அனுமதி கேக்கிறதுக்குப் பதிலா "நான் இதைப் பண்ணப் போறேன்"னு வந்து சொல்லணும், ஏன், என்னென்ன சரி பாத்தாச்சுங்கிறதையும் சேத்துச் சொல்லணும். கேட்டுட்டு அவர் சரின்னு மட்டும் சொல்லுவார். யோசிக்கிற வேலை கீழ இருக்கிறவங்ககிட்ட போயிடுது, தப்பா யோசிச்சிருந்தா சொல்லும்போதே மாட்டிக்கும். இதை நான் டீம்ல போட்டப்போ முதல் மாசம் எல்லாருக்கும் கஷ்டமா தான் இருந்துச்சு, "நீங்களே சொல்லிடுங்க"ன்னு தான் வந்தாங்க, ரெண்டாவது மாசத்துல இருந்து எனக்கு வர்ற கேள்விகளோட எண்ணிக்கையே கொறஞ்சுது.

ஒண்ணு கவனிங்க. அதே ஆள், ஆயுதத்தை ஏவற முடிவை மட்டும் தன்கிட்டயே வச்சுக்கிட்டார். எல்லாத்தையும் பிரிச்சுக் குடுக்கணும்னு இல்ல.

வேலையைப் பிரிச்சுக் குடுத்தா சொதப்பிடறாங்களே?

இன்டெல்லை நடத்தின ஆண்டி க்ரோவ் 1983ல எழுதின 'ஹை அவுட்புட் மேனேஜ்மென்ட்' இந்த விஷயத்துல இன்னைக்கும் கூர்மையா இருக்கு. அவர் சொல்றது, ஒருத்தரை எவ்வளவு நெருங்கி கவனிக்கணும்ங்கிறது அந்த ஆளைப் பொறுத்தது இல்ல, அந்தக் குறிப்பிட்ட வேலைல அவருக்கு இருக்கிற பக்குவத்தைப் பொறுத்தது. பக்குவம் கம்மின்னா என்ன, எப்போ, எப்படின்னு தெளிவா சொல்லிக் குடுக்கணும், கொஞ்சம் வந்ததும் பேசி முடிவு பண்ணணும், நல்லா வந்ததும் எட்ட நின்னு பாத்தா போதும். பத்து வருஷ அனுபவம் இருக்கிற ஆளா இருந்தாலும் புது வேலைக்கு வந்தா அந்த வேலைல அவர் புதுசு தான். இதை மறந்து "அவர் சீனியர், பாத்துப்பார்"னு விட்டுட்டு அப்புறம் திட்டறோம்.

இன்னொண்ணும் அதே புக்ல. ஒருத்தர் வேலையைச் செய்யலன்னா ரெண்டு காரணம் தான், முடியல, இல்லன்னா மனசு இல்ல. உயிர் போகும்னு நிலைமை வந்தா இதைச் செஞ்சிருப்பாரான்னு கேட்டுப் பாருங்க. செஞ்சிருப்பார்னா மனசு தான் பிரச்சனை, அப்பவும் முடியாதுன்னா பயிற்சி தான் பிரச்சனை. பயிற்சி வேண்டிய ஆளுக்கு ஊக்கப்பேச்சு குடுத்து என்ன பிரயோஜனம்?

ஒன் ஆன் ஒன் மீட்டிங், அதாவது டீம்ல ஒவ்வொருத்தரோடயும் தனியா உக்காந்து பேசறது, உண்மைலயே தேவையா, தினமும் பாத்துக்கிட்டு தானே இருக்கோம்?

தேவை. க்ரோவ் கணக்கே போட்டிருக்கார், நீங்க செலவு பண்ற 90 நிமிஷம் அந்த ஆளோட ரெண்டு வார வேலையை, அதாவது 80 மணி நேரத்துக்கு மேல, நல்லாக்க முடியும்னு. ஆனா அது அவரோட மீட்டிங், உங்களோடது இல்ல, என்ன பேசணும்னு அவர் தான் கொண்டு வரணும். நான் ரொம்ப நாள் இதைத் தப்பா பண்ணேன், உக்காந்ததும் "அந்த வேலை எங்க நிக்குது"ன்னு ஆரம்பிச்சிடுவேன், அரை மணி நேரம் அதுலயே போயிடும், அவர் மனசுல என்ன இருந்துச்சோ அது அப்படியே திரும்பிப் போயிடும். இப்பல்லாம் வேலை நிலவரம் கேக்கவே மாட்டேன், அதுக்கு வேற எடம் இருக்கு. பத்து நிமிஷம் ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருந்தாலும் பரவால்ல, முக்கியமான விஷயம் பெரும்பாலும் கெளம்பற நேரத்துல, கதவுகிட்ட நின்னு தான் வெளிய வரும்.

மீட்டிங்ல யாருமே வாயைத் தொறக்க மாட்டேங்கிறாங்க, என்ன பண்றது?

முதல்ல, அவங்களைக் குறை சொல்றதை நிறுத்துங்க.

எமி எட்மண்ட்சன்னு ஹார்வர்ட்ல இருக்கிற ஆராய்ச்சியாளர், 90கள்ல மருத்துவமனைகள்ல மருந்து குடுக்கிறதுல நடக்கிற தப்புகளை எடுத்துப் பாத்தாங்க. நல்ல டீம்ல தப்பு கம்மியா இருக்கும்னு நெனச்சுப் போனா, வந்த கணக்கு நேர் எதிர், நல்லா வேலை செய்யற டீம்ல தான் தப்பு அதிகமா பதிவாகியிருந்துச்சு. தோண்டிப் பாத்தா, அவங்க அதிகமா தப்பு பண்ணல, பண்ணதைப் பயமில்லாம வெளிய சொன்னாங்க, மத்த எடத்துல மறைச்சாங்க. 1999ல அவங்க எழுதின கட்டுரைக்கு அப்புறம் தான் உளவியல் பாதுகாப்பு, அதாவது தப்பையோ சந்தேகத்தையோ வெளிய சொன்னா அவமானப்பட மாட்டோம்ங்கிற நம்பிக்கை, இந்த வார்த்தை டீம் வேலை பத்தின பேச்சுல பரவ ஆரம்பிச்சுது. கூகுள் தன்னோட டீம்களை வச்சு ஆராய்ச்சி பண்ணப்பவும் யார் யார் டீம்ல இருக்காங்கங்கிறதை விட இது தான் முக்கியமா வந்துச்சு.

இதைப் படிச்சதுல இருந்து, ஒரு டீம்ல பிரச்சனையே வரலன்னு யாராவது பெருமையா சொன்னா எனக்கு கொஞ்சம் கலக்கமா இருக்கும்.

பேட்ரிக் லென்சியோனி 2002ல கதை மாதிரி எழுதின புக்ல இன்னொரு பக்கம் இருக்கு. நம்பிக்கை இல்லாத எடத்துல கருத்து மோதல் வராது, மோதல் வராத எடத்துல யாரும் மனசார ஒத்துக்க மாட்டாங்க, ஒத்துக்காததுக்கு யாரும் பொறுப்பும் எடுத்துக்க மாட்டாங்க, கடைசில ரிசல்ட் பத்தி யாருக்கும் கவலை இல்லாம போயிடும். மீட்டிங்ல எல்லாரும் தலையாட்டிட்டு, முடிஞ்சதும் தனி சாட் க்ரூப்ல போய் நிஜமான மீட்டிங் நடக்குது பாருங்க, அது தான் இது. ஆனா கதை வடிவத்துல இருக்கிறதால எல்லாம் ரொம்ப சுலபமா சரியாகிற மாதிரி தெரியும், நிஜத்துல மாசக்கணக்கா ஆகும்.

செய்யறதுக்கு என்ன? சின்னச் சின்ன விஷயம் தான். அனிமேஷன் படம் எடுக்கிற பிக்ஸார் கம்பெனியை நடத்தின எட் கேட்மல் சொல்ற ஒரு கதை, 13 வருஷமா அவங்க மீட்டிங் ரூம்ல நீளமா ஒரு மேஜை இருந்துச்சாம், பெரியவங்க நடுவுல உக்காருவாங்க, மத்தவங்க ஓரத்துல, ஓரத்துல இருக்கிறவங்க பேசவே மாட்டாங்க. அத்தனை வருஷமா நடுவுல உக்காந்திருந்தவங்களுக்கு அது தெரியவே இல்ல, ஏன்னா அவங்களுக்கு எல்லாம் நல்லா தான் போயிட்டு இருந்துச்சு. ஒரு நாள் வேற ரூம்ல சதுர மேஜைல உக்காந்து பேசினப்போ தான் வித்தியாசம் புரிஞ்சு மேஜையை மாத்தினாங்க. அப்பவும் பேர் அட்டை வச்சு உக்கார வைக்கிற பழக்கம் தொடர்ந்துச்சு, அதை ஒருத்தர் கலைச்சு விட்ட பிறகு தான் முழுசா மாறிச்சு.

நம்ம ஆன்லைன் மீட்டிங்லயும் நீள மேஜை இருக்கு, கண்ணுக்குத் தான் தெரியாது. யார் முதல்ல பேசறாங்க, யார் எப்பவும் மியூட்லயே இருக்காங்கன்னு ஒரு வாரம் எழுதிப் பாருங்க. நான் பண்ண ரெண்டே மாத்தம்: என் கருத்தைக் கடைசில சொல்றேன், "எல்லாம் ஓகே தானே"ங்கிற கேள்வியைக் கேக்கறதே இல்ல, அதுக்குப் பதிலா "இதுல எது ஒடையும்னு நெனக்கிறீங்க, ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க"ன்னு கேக்கறேன். கேரி க்ளைன் 2007ல எழுதின ஒரு முறைல இருந்து எடுத்துக்கிட்டது தான். ப்ராஜெக்ட் ஏற்கனவே தோத்துப் போச்சுன்னு வச்சுக்கிட்டு, ஏன் தோத்துச்சுன்னு எல்லாரும் தனித்தனியா எழுதணும். அப்படிக் கேக்கும்போது குறை சொல்றவன் டீமுக்கு எதிரி மாதிரி தெரிய மாட்டான், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றான், அவ்வளவு தான். முதல் தடவை பண்ணப்பவே எனக்குத் தெரியாத மூணு பிரச்சனை வந்துச்சு.

ஒருத்தரோட வேலை சரியில்ல. மனசு நோகாம எப்படி சொல்றது?

மனசு கொஞ்சம் நோகத் தான் செய்யும், அதை முழுசா தவிர்க்கப் பாக்கறது தான் பெரிய கொடுமைல போய் முடியுது. கிம் ஸ்காட் 2017ல எழுதின 'ராடிக்கல் கேண்டர்'ல ஒரு ஊழியர் கதை வரும், பாப்னு பேர் மாத்தி எழுதியிருப்பாங்க. எல்லாருக்கும் பிடிச்ச மனுஷன், வேலை மட்டும் மோசம். கிம் பத்து மாசம் "பரவால்ல, இன்னும் கொஞ்சம் பண்ணலாம்"னே ஓட்டினாங்க, அவர் வேலையை மத்தவங்க சரி பண்ணி சரி பண்ணி களைச்சுப் போனாங்க, கடைசில அவரை அனுப்ப வேண்டி வந்துச்சு. அப்போ அவர் கேட்டாராம், ஏன் யாருமே என்கிட்ட சொல்லல? நான் படிச்ச பிசினஸ் புக்குகள்லயே மனசை ரொம்ப அறுத்த பக்கம் அது தான், ஏன்னா நானும் அப்படி ஒருத்தர்கிட்ட சொல்லாம இருந்திருக்கேன், அவர் வேற டீமுக்கு மாறிப் போன பிறகு அங்க எல்லார் முன்னாடியும் அவமானப்பட்டார். நான் தனியா, நல்ல விதமா, ஆறு மாசம் முன்னாடி சொல்லியிருக்கலாம்.

இதே கிம், கூகுள்ல ஒரு பிரசன்டேஷன் முடிச்சிட்டு வந்தப்போ அவங்க மேலதிகாரி ஷெரில் சாண்ட்பெர்க், நல்லது எல்லாம் சொல்லிட்டு, பேச்சுல "ம்" "ம்"னு நிறைய வருது, பேச்சுப் பயிற்சிக்கு ஏற்பாடு பண்றேன்னு சொன்னாங்களாம். கிம் கையை ஆட்டிட்டு அதைத் தள்ளி விடப் பாத்தாங்க. ஷெரில் விடாம, நீ இப்படிப் பேசறது உன்னை முட்டாள் மாதிரி காட்டுதுன்னு நேரா சொன்ன பிறகு தான் உள்ள போச்சு. இதைப் படிச்சிட்டு சில பேர் முகத்துல அடிச்ச மாதிரி பேசறதை ஒரு தகுதியா நெனச்சுக்கறாங்க, அது தப்பு. ஷெரில் அதைச் சொல்ல முடிஞ்சதுக்குக் காரணம் அதுக்கு முன்னாடி கிம் மேல அவங்க காட்டின அக்கறை. அக்கறை இல்லாம நேராப் பேசினா அது வெறும் திட்டு.

நான் பின்பத்தறது: நடந்து ரெண்டு நாளுக்குள்ள, தனியா, நடந்த ஒரு சம்பவத்தை மட்டும் எடுத்து. "நீ எப்பவுமே"ன்னு ஆரம்பிச்சா அந்தப் பேச்சு அங்கயே செத்துடும்.

பாராட்டறது?

டேல் கார்னகி 1936லயே இதுக்கும் முகஸ்துதிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிரிச்சுட்டார், ஒண்ணு மனசுல இருந்து வருது, இன்னொண்ணு பல்லுல இருந்து. "சூப்பர், கலக்கிட்ட"ன்னு எல்லாருக்கும் சொன்னா யாருக்கும் சொல்லாத மாதிரி. என்ன பண்ணார், அதனால யாருக்கு என்ன சுலபமாச்சுன்னு சொல்லுங்க, போதும்.

டீம்ல ரெண்டு பேருக்கு ஒத்தே வரல, நடுவுல நான் மாட்டிக்கிட்டேன்.

மேரி பார்க்கர் ஃபாலெட்டைப் படிங்க, இன்னைக்கு விக்கிற பாதி புக்குக்கு அவங்க தான் பாட்டி. 1925ல அவங்க சொன்ன ஒரு சின்ன கதை. லைப்ரரில ஒரு சின்ன ரூம், ஒருத்தர் ஜன்னலைத் தொறக்கணும்கிறார், இவங்க மூடணும்கிறாங்க. பாதி தொறந்து வச்சா ரெண்டு பேருக்கும் திருப்தி இல்ல. இவங்க என்ன பண்ணாங்கன்னா, யாரும் இல்லாத பக்கத்து ரூம் ஜன்னலைத் தொறந்து விட்டாங்க. அவருக்கு வேண்டியது காத்து, இவங்களுக்கு வேண்டியது வாடைக்காத்து நேரா மேல படாம இருக்கணும்கிறது. ஜன்னல் யாருக்கும் வேண்டியதே இல்ல!

சமாதானம் பண்றேன்னு நாம பெரும்பாலும் பாதிப் பாதி பிரிச்சு விட்டுடுவோம், ரெண்டு பேரும் மொறைச்சுக்கிட்டே போவாங்க. அதுக்குப் பதிலா ஒவ்வொருத்தரையும் தனியா கூப்பிட்டு, அவங்க கேக்கிற விஷயம் கெடைச்சா அதனால என்ன ஆகும்னு கேளுங்க. என் டீம்ல ரெண்டு பேர் ஒரு டூலை மாத்தறதா வேணாமான்னு மூணு வாரம் சண்டை, கேட்டுப் பாத்தா ஒருத்தருக்கு ராத்திரி வர்ற அலர்ட் தொல்லை தான் பிரச்சனை, இன்னொருத்தருக்குப் புதுசா கத்துக்க நேரம் இல்ல. அலர்ட் ட்யூட்டியை மாத்திப் பிரிச்சோம், டூல் பேச்சே அடங்கிடுச்சு.

வேலை லேட் ஆகுது, ஆள் சேத்தா சரியாகிடுமா?

பெரும்பாலும் இன்னும் லேட் ஆகும். ஃப்ரெட் ப்ரூக்ஸ் ஐபிஎம்ல பெரிய சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட் நடத்தின அனுபவத்துல 1975லயே எழுதிட்டார். 5 பேர் இருந்தா ஒருத்தருக்கொருத்தர் பேச வேண்டிய ஜோடி 10, அதுவே 10 பேர் ஆனா 45. புதுசா வந்தவங்களுக்கு சொல்லிக் குடுக்கறதும் ஏற்கனவே வேலை செஞ்சிட்டு இருக்கிற அதே ஆளுங்க தான்.

நான் மேனேஜரே இல்ல, எனக்கு இதெல்லாம் எதுக்கு?

உங்களுக்குத் தான் அதிகம் தேவை. பீட்டர் ட்ரக்கர் 1967ல எழுதின 'தி எஃபெக்டிவ் எக்ஸிக்யூட்டிவ்'ல, பதவி இருக்கோ இல்லையோ, என்னால இங்க என்ன பங்களிப்பு குடுக்க முடியும்னு கேக்கறவர் தான் உண்மைல பொறுப்புல இருக்கிறவர்ங்கிறார். அதே புக்ல, நேரம் எங்க போகுதுன்னு ஞாபகத்தை நம்பாம எழுதி வைங்கன்னும் சொல்லுவார், செஞ்சு பாருங்க, அதிர்ச்சியா இருக்கும்.

மார்க்கே முறையை நீங்க கீழ இருந்தும் ஆரம்பிக்கலாம். "என்ன பண்றது"ன்னு கேக்காம, "நான் இப்படிப் பண்ணலாம்னு இருக்கேன், காரணம் இது, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள மாத்தணும்னா சொல்லுங்க"ன்னு மெசேஜ் போடுங்க. நல்ல மேனேஜரா இருந்தா சந்தோஷப்படுவார்.

என் மேலதிகாரி கெட்ட செய்தி கேட்டாலே கத்தறார். எந்த புக் உதவும்?

நேர்மையா சொல்றேன், எந்த புக்கும் அவரை மாத்தாது, அவரே படிச்சா ஒழிய. நீங்க செய்யக் கூடியது கொஞ்சம் தான். சீக்கிரமா சொல்லுங்க, தனியா சொல்லுங்க, ரெண்டு வழியோட போய் சொல்லுங்க, எழுத்துல வைங்க. அப்படியும் மாறலன்னா அது உங்க குறைன்னு நெனச்சுக்காதீங்க. இந்த மாதிரி ஒருத்தர்கிட்ட நான் ரெண்டு வருஷம் இருந்தேன், எல்லா புக்கையும் படிச்சு என்னையே திருத்திக்கிட்டு இருந்தேன், அங்க இருந்து வெளிய வந்தது தான் தீர்வா இருந்துச்சு. பிசினஸ் புக்ஸ்ல எனக்கு இருக்கிற பெரிய வருத்தம் இது, எல்லாத்தையும் தனி ஆளோட பழக்கத்தால சரி பண்ணிடலாம்ங்கிற மாதிரியே எழுதறாங்க. அதிகாரம் யார் கைல இருக்குங்கிறதைப் பத்திப் பேசற புக் ரொம்பக் கம்மி.

இதெல்லாம் குறள்லயே இருக்கே, அப்புறம் எதுக்கு இந்த புக்கெல்லாம்?

இருக்கு. "இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானுங் கெடும்"ங்கிறதுக்கு மேல தெளிவா யாரும் சொல்லிட முடியாது, தட்டிக் கேக்க ஆள் இல்லாதவன் எதிரியே இல்லாட்டியும் கெட்டுப் போவான். நான் மேல எழுதினது பூரா இந்த ஒண்ணே முக்கால் அடிக்குள்ள அடங்கிடும். ஆனா பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ண நானே தான் "எல்லாம் ஓகே தானே"ன்னு கேட்டுட்டு நின்னேன். இடிக்கிறவங்க பக்கத்துல வேணும்னு குறள் சொல்லுது, இன்னைக்கு ஆன்லைன் மீட்டிங்ல பயந்து உக்காந்திருக்கிற ஒருத்தரை இடிக்க வைக்க எந்தக் கேள்வியைக் கேக்கணும், யார் முதல்ல பேசணும், மேஜை எப்படி இருக்கணும்ங்கிறதை இவங்க செஞ்சு பாத்து எழுதியிருக்காங்க. ரெண்டையும் சேத்து வச்சுக்கங்க.

எந்த புக்ல ஆரம்பிக்கலாம், எப்படிப் படிக்கணும்?

இப்ப உங்களுக்கு எது வலிக்குதோ அதுல. புதுசா லீட் ஆகியிருந்தா க்ரோவ். ஒருத்தர்கிட்ட ஒரு விஷயத்தைச் சொல்ல முடியாம ராத்திரி தூக்கம் வரலன்னா கிம் ஸ்காட். டீம் அமைதியா இருக்குன்னா எட்மண்ட்சன். ஒரே நேரத்துல மூணு படிக்காதீங்க, ஒண்ணை முடிச்சு அதுல இருந்து ஒரே ஒரு பழக்கத்தை எடுத்து ஆறு வாரம் செஞ்சு பாருங்க, அது வரைக்கும் அடுத்த புக்கை வாங்கவே வேணாம். டீம்கிட்ட போய் "நான் ஒரு புக் படிச்சேன், இனிமே நாம இப்படி"ன்னு அறிவிக்காதீங்க, அவங்க ஏற்கனவே அப்படி நாலு அறிவிப்பைப் பாத்தவங்களா இருப்பாங்க.

சுருக்க வீடியோ, பத்து நிமிஷ ஆப் எல்லாம் போதுமான்னும் கேப்பாங்க. புக் வேணுமா வேணாமான்னு முடிவு பண்ண அது போதும். ஆனா பாப் கதையை "வெளிப்படையா பேசுங்க"ன்னு ஒரே வரில சுருக்கினா அது உங்களை ஒண்ணும் பண்ணாது, முழுசா படிச்சப்போ தான் எனக்கு என்னோட அந்த ஆள் ஞாபகத்துக்கு வந்தார்.

செஞ்சதெல்லாம் வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்?

பிரச்சனை நடந்த நாளுக்கும் அது உங்க காதுக்கு வந்த நாளுக்கும் நடுவுல எத்தனை நாள்னு குறிச்சு வைங்க. நான் ஒரு சாதாரண நோட்ல எழுதறேன். ஆரம்பத்துல வாரக்கணக்குல இருந்துச்சு, பல தடவை நாலாவது ஆள் சொல்லி தான் தெரியும். போன மாசம் ஒரு பொண்ணு, டீம்ல சேந்து மூணு மாசம் கூட ஆகல, சாயங்காலம் கூப்பிட்டு "அண்ணா, காலைல நான் தப்பா டேட்டாபேஸ்ல ஒரு டேபிளை அழிச்சிட்டேன், பேக்கப்ல இருந்து எடுக்கலாம்னு இருக்கேன், அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாக்கறீங்களா"ன்னு கேட்டா. அன்னைக்கு நோட்ல எட்டு மணி நேரம்னு எழுதினேன்.